உப்புக்குப் பதிலாக

ஜனவரி 11, சனி

காலை 160/96. எடை 64 கிலோ.

இந்த நோட்டைப் போடச் சொன்னது டாக்டர் ரெஹானா. தினமும் காலையில் இவருடைய ரத்த அழுத்தமும் எடையும் எழுதி, மாதம் ஒருமுறை கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். எழுதுவது எனக்குப் புதிது இல்லை. கல்லூரியில் முப்பது வருஷமாக ஆய்வுக்கூடக் குறிப்பு எழுதியே விரல் காய்த்துப் போயிருக்கிறது. எண்களை மட்டும் எழுதிவிட்டு மூடி வைக்க என் கைக்குத் தெரியாது என்பதால் மற்றதும் சேர்ந்து வருகிறது. டாக்டருக்குக் காட்டும்போது எண்களைத் தனித் தாளில் எடுத்து எழுதிக்கொள்ளலாம்.

இவர் என்பது என் கணவர் தவசிமுத்து. ஐம்பத்தெட்டு வயது. முள்ளக்காட்டில் ஓர் உப்பளத்தில் கண்காணி. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை, அதற்கும் முன்பிருந்தே ரத்தக்கொதிப்பு. இரண்டும் கூடிப் பேசிக்கொண்டு சிறுநீரகத்தில் கைவைத்துவிட்டன. இப்போது பதினைந்து சதவீதம்தான் வேலை செய்கிறதாம். கட்டுப்பாடாக இருந்தால் டயாலிசிஸை ஒரு வருஷம்கூடத் தள்ளிப் போடலாம் என்றார் டாக்டர். அந்த ஒரு வருஷம் எனக்கு வேண்டும். அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்வேன்.

சாப்பாட்டுக்கு இரண்டு பக்கத் தாள் ஒன்று கொடுத்தார்கள். முதல் வரி, உப்பைக் குறைக்கவும். எனக்குச் சிரிப்பு வந்தது. உப்பில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு உப்பைப் பற்றி அச்சடித்த தாள். மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இளநீர், வாழைப்பழம் ஆகாது என்று நர்ஸ் வாயாலும் சொன்னாள். சர்க்கரைக்காகச் சொல்லியிருப்பாள். ஆட்டோவில் வரும்போது, தாளைப் படித்தாயா என்று இவர் கேட்டார். படித்துவிட்டேன் என்றேன்.

ஜனவரி 14, பொங்கல்

152/94. 63.5.

பச்சரிசிப் பொங்கலும் உப்பில்லாத காய்கறிக் குழம்பும். நான்கு வாய் சாப்பிட்டுக் கையைக் கழுவினார். வயிறு நிறைந்துவிட்டது என்றார். பொய். நானும் அதையேதான் சாப்பிட்டேன், எனக்கும் இறங்கவில்லை.

ஜனவரி 18, சனி

150/92. 63.

கல்லூரியில் இன்று பத்தொன்பதாம் வருஷத்துக் குப்பியைத் திறந்தோம்.

2006 மார்ச்சில், இவர் பார்க்கும் அளத்தின் பாத்தியிலிருந்தே நீர் எடுத்து வந்து, கண்ணாடித் தட்டில் உலரவிட்டு, விளைந்த உப்புப் பரல்களை நாற்பது குப்பிகளில் அடைத்து வைத்தேன். உப்பு உறையும்போது தனக்குள் ஒரு துளி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அறை அது. அந்த அறைக்குள் நுண்ணுயிர்கள் மாட்டிக்கொள்ளும். உணவு இல்லை, காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. சாகவும் செய்யாது, வளரவும் செய்யாது. சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குப்பியைத் திறந்து, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது என் வேலை.

ஆராய்ச்சி மாணவி ஷைனி பரலின் மேல்புறத்தைக் கழுவி, உடைத்து, உப்பு ஊட்டநீரில் விட்டாள். இனி ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். நீர் சிவந்தால் உயிர் இருக்கிறது. தெளிவாகவே கிடந்தால் இல்லை.

பிப்ரவரி 28 அறிவியல் தினத்துக்கு நான் பேச வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். தலைப்பை நானே வைத்தேன்: மனிதருக்குப் பின் யார்? இதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உங்களுக்குப் பிறகு யார் இருக்கிறார்கள் என்று உறவுக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்ட பதில் இந்தக் குப்பிகள்தான்.

ஜனவரி 26, ஞாயிறு

148/92. 61.

மூன்று கிலோ போய்விட்டது. இவர் அளத்துக்குக் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். தனியே விட மனம் வரவில்லை.

பருவம் இப்போதுதான் தொடங்குகிறது. கடைசிப் பாத்திகளில் நீர் லேசாகச் சிவக்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் ரோஜாப்பூக் கரைத்த மாதிரி ஆகிவிடும். அளத்துக்காரர்களுக்கு அது உப்பு விளையப் போகிறது என்பதன் அடையாளம். எனக்கு அது கோடிகோடியாக உயிர். மீன் செத்துப்போகும், பாசி செத்துப்போகும் நீரில் அவை மட்டும் செழிக்கின்றன.

வரப்பில் நின்றபடி பேச்சுக்கு வேண்டியதை யோசித்துக்கொண்டிருந்தேன். ஆள் இல்லாமல் போனால் இந்த வரப்புகள் நாலு மழையில் கரையும். கடல் உள்ளே வரும், வெயில் காயும், நீர் சிவக்கும், உப்பு உறையும். வாருவதற்குப் பலகையோடு யாரும் வரமாட்டார்கள். அதனால் அதற்கு ஒன்றும் குறைந்துவிடாது.

திரும்பிப் பார்த்தால் இவர் வரப்பில் குந்தியிருந்தார். முப்பது வருஷத்தில் வேலை நேரத்தில் இவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெண்கள் உப்புச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, பார்க்காத மாதிரி சுற்றிப் போனார்கள். சாப்பிடாத உடம்பு எத்தனை நாள் நிற்கும்?

ஜனவரி 27, திங்கள்

வழி கிடைத்துவிட்டது. இத்தனை நாள் தோன்றாமல் போனதற்கு என்னை நானே தலையில் குட்டிக்கொள்ள வேண்டும்.

டாக்டர் வேண்டாம் என்பது சோடியத்தை. நாக்குக்கு வேண்டியது உப்புச் சுவை. பொட்டாசியம் குளோரைடும் உப்புதான், உப்பு மாதிரியேதான் இருக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறார்களே, அதில் கலப்பது இதைத்தான். ஆனால் அதில் பாதிக்கு மேல் பழைய சோடியமே இருக்கிறது. என்னிடம் சுத்தமானது இருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு ஊட்டநீர் தயாரிக்க வாங்கிய பாட்டில், பாதிகூடத் தீரவில்லை. மாலையில் கைப்பையில் வைத்து எடுத்துவந்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

148/90. 61.

இரவு சீலாமீன் குழம்பு. இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கவளத்தில் ஒரு நொடி நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து முழுவதும் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினார்.

அடுப்படிக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

142/88. 61.5. ஏறுகிறது.

பிப்ரவரி 5, புதன்

140/86. 62.

பேச்சை எழுதி முடித்து இவருக்குப் படித்துக் காட்டினேன். கொதிக்கும் ஊற்றில் வாழ்பவை, பனிப்பாறைக்கு அடியில் வாழ்பவை, பூமிக்குள் கிலோமீட்டர் ஆழத்தில் பாறையைத் தின்று வாழ்பவை, கடைசியில் நம் ஊர் உப்பில் வாழ்பவை. உப்பு உயிரைச் சொல்லும் இடத்தில்தான் என் குரலே மாறுகிறது என்று கேலி செய்தார். என் நுண்ணுயிர்களை இவர் பூச்சி என்றுதான் சொல்வார். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன்.

கடைசிப் பத்தி இது: "நாம் போனால் பூமிக்கு நஷ்டம் இல்லை. உயிர் நம்மிடம் குத்தகைக்கு இருக்கவில்லை. அது நமக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கும். இதில் எனக்கு வருத்தம் இல்லை, நிம்மதிதான்."

இவர், "அப்போ நாம போனா யாருக்கும் நஷ்டமில்லங்கிற" என்றார். ஆமாம் என்றேன். நல்லா எழுதியிருக்க என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

138/86. 62.5.

தொடையில் பலமே இல்லை, வரப்பு ஏற முடியவில்லை என்கிறார். வெயில் ஏறிவிட்டது, காலை பத்து மணிக்கே அளம் கண்ணைக் கூசுகிறது. மத்தியானத்தோடு வீட்டுக்கு வரச் சொன்னேன். சாயங்காலம் நண்டு ரசம் வைத்தேன், மாற்று உப்பைச் சற்றுத் தாராளமாகப் போட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

140/84. 63.

உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறதாம். நெஞ்சு ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்ததை மறந்துபோகிறது என்றார். வயதுக்கு இதெல்லாம் இருக்கும். அடுத்த வாரம் எப்படியும் டாக்டரைப் பார்க்கிறோம், அப்போது கேட்கலாம்.

பிப்ரவரி 17, திங்கள்

அளத்தில் விழுந்துவிட்டார். உப்பு ஏற்றும் மினி லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது சட்டையெல்லாம் உப்பு பூத்து, நெஞ்சில் ஒயர்களோடு கிடந்தார். நாடி நிமிஷத்துக்கு முப்பத்தி இரண்டு. நடுவில் இதயம் சில நொடி நின்றும்விட்டதாம். ஊசிகள் போட்டுத் திருப்பினார்கள்.

ரத்தத்தில் பொட்டாசியம் 7.6. ஐந்தைத் தாண்டக் கூடாது.

டாக்டர் ரெஹானா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். பழம் ஏதாவது சாப்பிட்டாரா? இளநீர்? நாட்டு மருந்து? வேறு ஏதாவது? நான்குக்கும் இல்லை என்றேன். வேறு ஏதாவது என்றால் என்ன என்று அவர் விளக்கிச் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பொட்டாசியம் 5.9. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலி. கைப்பையில் சாவியைத் தேடும்போது அந்தத் தாள் வந்தது. இரண்டாவது வரி, பொட்டாசியம் உள்ளவற்றைத் தவிர்க்கவும். பக்கத்தைத் திருப்பினால், கட்டம் போட்டு, தடித்த எழுத்தில்: உப்புக்குப் பதிலாக விற்கப்படும் மாற்று உப்புகள் கூடவே கூடாது.

பதினொரு மணிக்கு ஷைனி போன் செய்தாள். குப்பி சிவந்துவிட்டது என்றாள். அவளுக்குப் பேச்சு திணறியது. பத்தொன்பது வருஷம் மேடம், பத்தொன்பது வருஷம் என்றாள். சந்தோஷம் என்றேன். போனை வைத்த பிறகு அவள் எதைச் சொன்னாள் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

மாலையில் இவருக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அப்படியே கல்லூரிக்குப் போய்ப் பாட்டிலை அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 22, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். 150/90. எடை 60.

இந்த அதிர்ச்சியில் சிறுநீரகம் இருந்ததையும் இழந்துவிட்டது. இனித் தள்ளிப்போட முடியாது, இரண்டு மூன்று வாரத்தில் டயாலிசிஸ் தொடங்கியாக வேண்டும் என்றார் டாக்டர். வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். ஒழுங்காகச் செய்துகொண்டால் வருஷக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு என்றார். செய்யாவிட்டால் எத்தனை நாள் என்று இவர் கேட்டார். வாரங்கள் என்றார் டாக்டர்.

இவர் வேண்டாம் என்றுவிட்டார். ஆட்டோவிலும் அதே, வீட்டிலும் அதே. கோபமோ அழுகையோ இல்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நான் என்ன தப்பு பண்ணுனேன் கனி? பழம் தொட்டனா, இளநி குடிச்சனா? நீ வச்சத மட்டும்தான தின்னேன். அப்படி இருந்தும் நெஞ்சு தானா நின்னுட்டுன்னா, இந்த உடம்பு கெளம்பிட்டுன்னு அர்த்தம். கெளம்புனத மெசின்ல கட்டி வச்சு என்ன செய்ய?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீயே எழுதியிருக்கல்லா, நாம போனா நஷ்டமில்லன்னு" என்றார். குத்திக்காட்டவில்லை. என் படிப்பின் மேல் இவருக்கு இருக்கும் மரியாதை அது.

பிப்ரவரி 28, வெள்ளி

146/92. 60.5. கால் வீக்கம்.

பேச்சை ரத்து செய்யச் சொல்லலாம் என்றிருந்தேன். போயே ஆக வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். கூட வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதற்குள் உடம்பு எங்கேயோ இருக்கிறது. முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

எழுதியதை எழுதியபடியே படித்தேன். சிவந்த குப்பியை ஷைனி தூக்கிக் காட்டியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசிப் பத்தி வந்தது. அதை விட்டுவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் விட்டால் ஏன் விட்டாய் என்று இவர் கேட்பார். படித்தேன். நாம் போனால் நஷ்டம் இல்லை. இதில் எனக்கு வருத்தம் இல்லை, நிம்மதிதான்.

அரங்கத்தில் முதலில் கைதட்டியது இவர்.

மார்ச் 5, புதன்

144/94. 61.5. ஏறுவது சதை இல்லை, நீர்.

அளத்து முதலாளியிடம் வேறு கண்காணி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். பீரோச் சாவி எங்கே இருக்கிறது, பென்ஷன் புத்தகம் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

150/96. 62. இரண்டு முறை வாந்தி.

இன்று எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். டயாலிசிஸில் இருந்துகொண்டே வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். எனக்காகச் செய்யுங்கள் என்றேன். சண்டை போட்டேன். காலைப் பிடித்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: உடம்பு தானாக நின்றுவிட்டது, அதன் இஷ்டத்துக்கு விடு.

எதைச் சொன்னால் அந்தப் பதில் உடையுமோ, அதை மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

156/98. 62.5. மூச்சு வாங்குகிறது. தலையணை மூன்று வைத்தும் படுக்க முடியவில்லை.

முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். எழுத முடிந்தால் சொல்லவும் முடியும்.

பிப்ரவரி 17 அன்று நான் எழுதியது முழு உண்மை இல்லை. வேறு ஏதாவது என்று டாக்டர் கேட்டபோது எதைக் கேட்கிறார் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. 7.6 என்ற எண்ணைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. இவருடைய இதயம் தானாக நிற்கவில்லை. இருபது நாள் மூன்று வேளையும் நான் கரண்டியால் அளந்து போட்டு நிறுத்தினேன்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதவும் கை வரவில்லை. உப்பில் வாழும் அந்த உயிர் எப்படிப் பிழைக்கிறது என்று வருஷம் தவறாமல் வகுப்பில் சொல்கிறேன். வெளியில் இருக்கும் உப்பு தன்னை உறிஞ்சிவிடாமல் இருக்க, உள்ளே பொட்டாசியத்தை நிரப்பி வைத்துக்கொள்ளும். அதற்கு உயிர் கொடுப்பது மனித ரத்தத்தில் அளவு மீறினால் இதயத்தை நிறுத்தும் என்பதும் பாடத்தில் படித்ததுதான். இரண்டும் என் தலைக்குள் இருந்தன. உப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்ற திமிர் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. முதல் வரியோடு தாளை மடித்தேனே, அந்தத் திமிர்.

கோடி வருஷத்துக்குப் பிறகு யார் இருப்பார்கள் என்று மேடையில் சொல்ல முடிந்தது. அடுத்த மாதம் இந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்று வாய்விட்டுக் கேட்கக்கூட முடியவில்லை. அந்தக் குப்பி சிவந்து என்ன செய்ய? கடலெல்லாம் சிவந்து என்ன செய்ய? அதில் ஒன்றுக்கும் என் பெயர் தெரியாது.

இதைச் சொன்னால் இவர் என்னை வெறுக்கலாம். சொல்லாவிட்டால், தன் உடம்பைக் குற்றம் சொல்லிக்கொண்டே செத்துப்போவார். நான் நல்ல மனைவியாகவே மிஞ்சுவேன்.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நேற்று மாலை கல்லூரியிலிருந்து பாட்டிலை எடுத்துவந்திருந்தேன். காலையில் காப்பி குடித்தபின் மேசையில் இவர் முன் வைத்தேன். இதைத்தான் இருபது நாள் உங்கள் சாப்பாட்டில் உப்புக்குப் பதிலாகப் போட்டேன் என்றேன். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது உப்பில்லன்னு எனக்கு முத நாளே தெரியும்" என்றார். "கசந்துச்சு."

"பின்ன ஏன் சாப்பிட்டிய?"

"ஏதோ மருந்து கலந்திருக்கன்னு நெனச்சேன். நீ எதுத்தாப்புல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்த. அன்னைக்குத்தான் உன் மொகம் தெளிஞ்சிருந்துச்சு. கசக்குதுன்னு எப்படிச் சொல்ல?"

முப்பது வருஷம் உப்போடு புழங்கிய நாக்கு. அது ஏமாறும் என்று நான் நினைத்திருக்கிறேன். இருபது நாள் அந்தக் கசப்பை, இன்னும் ஒரு கரண்டி என்று கேட்டு வாங்கி விழுங்கியிருக்கிறார்.

மிச்சத்தையும் சொன்னேன். அது ரத்தத்தில் சேர்ந்தால் என்ன செய்யும் என்று சொன்னேன். படிக்காமல் மடித்த தாளை எடுத்து வைத்தேன். டாக்டரிடம் சொன்ன நான்கு இல்லைகளையும் சொன்னேன்.

"அப்போ நெஞ்சு தானா நிக்கல" என்றார்.

"இல்ல."

"நீ நிப்பாட்டுனது."

"ஆமா. தெரியாமத்தான். ஆனா நான்தான்."

"ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாம்லா?"

பயந்தேன் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க வாசலில் போய் ஆட்டோவை நிறுத்தி ஏறினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அளத்துக்குத்தான் போயிருக்கிறார், இரண்டு மணி நேரம் கழித்து அதே ஆட்டோவில் வந்தார். இன்றைக்குப் பூராவும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 14, வெள்ளி

158/98. தண்ணீர் கூடத் தானே எடுத்துக் குடிக்கிறார்.

மார்ச் 15, சனி

160/100. 63.

காலையில் கையை நீட்டி அழுத்தம் பார்க்கவிட்டார். பட்டையைக் கழற்றும்போது கேட்டார்.

"மைக்குல சொன்னியே, நாம போனா நஷ்டமில்லன்னு. அது மெய்தானா?"

"ஒலகத்துக்கு மெய்தான்" என்றேன். "எனக்கு இல்ல. நீங்க போனா எனக்கு நஷ்டம். பெரிய நஷ்டம். அத அங்க சொல்ல எனக்குத் தெரியல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பட்டையைச் சுருட்டி டப்பாவில் வைத்தேன். அடுப்படிக்குப் போனபின் குரல் வந்தது.

"திங்கக்கெழம டாக்டர்கிட்ட போ. எங்கிட்ட சொன்னத அங்கயும் சொல்லு. சொல்லிட்டு, மெசினுக்கு நாள் கேட்டுட்டு வா."

மார்ச் 17, திங்கள்

சொன்னேன். டாக்டர் ரெஹானா பேனாவை மூடிக் கீழே வைத்தார். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டு ஃபைலில் எழுதிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கே தெரிந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருக்கலாம் என்றார். சாரிடம் சொல்லிவிட்டீர்களா என்றார். அவர்தான் அனுப்பினார் என்றேன்.

நாளைக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

முன் 164/100. பின் 142/86. எடை 63.5, பிறகு 61.5.

கழுத்தில் குழாய் வைத்து நாலு மணி நேரம். நீரை இழுத்ததும் மூச்சு சீரானது. மூன்று வாரத்தில் முதல் முறையாகக் கால் நீட்டித் தூங்கினார். இயந்திரத்தில் ரத்தம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இது எத்தனை காலத்துக்கு என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்தது வியாழன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்றார். கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு எதிரில் உட்காராமல் நின்றேன்.

"இதுல என்ன போட்டிருக்க?"

ஒன்றும் போடவில்லை என்றேன். வெறும் அரிசியும் தண்ணீரும்தான்.

கரண்டியில் ஒரு வாய் எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. என் பக்கம் நீட்டினார்.

"நீ குடி மொதல்ல."

கோபமா, வேறு ஏதாவதா என்று இவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். சப்பென்று இருந்தது. பிறகு அதே கரண்டியால் இவர் குடித்தார்.